சண்டைக்குப் போறவளுக்கு இந்த உடுப்ப யாருக்காக மாட்டி விட்டாங்க?

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, செல்போன் கேம்ல வர்ற பொம்பள கேரக்டர் எல்லாம் அரைகுறை டிரஸ்ல அலையுது, நம்ம கலாச்சாரமே கெட்டுப் போச்சு, அதனால வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளைக கையில போனே குடுக்காதீங்கன்னு. மொத பாதிய படிச்சு நல்லாத்தான எழுதியிருக்காருன்னு நெனச்சேன், ரெண்டாவது பாதிய படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. படத்த வரைஞ்சது எவனோ, அத வித்து துட்டு பாக்குறது எவனோ, தண்டன மட்டும் எங்க வீட்டுப் பிள்ளைக்கா? அதுக்காகத்தான் எழுதுதேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க ஐயா.

நான் பாளையங்கோட்டையில தையல்கடை வச்சிருக்கேன். பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், ஆடித் தள்ளுபடிக்கு பெறவு வந்து குவியுற பிளவுஸ் பிட்டு, எல்லாம் தைப்பேன். மக காலேஜ்ல அனிமேஷன் படிக்கா, மகன் பத்தாங்கிளாஸ், ரெண்டு பேருமே கேம் ஆடுவாங்க. மகளுக்கு படிப்பே அதுதாங்கறதால ராத்திரி கடைய அடைச்சிட்டு வந்து நான் சாப்பிடும்போது லேப்டாப்ப எம்பக்கம் திருப்பி வச்சு இத பாரும்மா அத பாரும்மான்னு காட்டுவா. இதுல நான் எழுதுற பேரு, வருஷம் எல்லாம் அவ சொல்லித் தந்தது, உடுப்ப பத்தி எழுதுறது நான் என் கண்ணால பாத்தது, அதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

ஒருநா கத்திச் சண்ட கேம் ஒண்ணு காட்டுனா. ஆம்பள வீரன் கழுத்துல இருந்து கால் வரைக்கும் இரும்புக் கவசம் போட்டு நிக்கான். பக்கத்துல பொம்பள வீராங்கனை, அவளுக்கும் கவசம்தான், ஆனா மாருக்கு ரெண்டு தனித்தனி இரும்புக் கூடு, வயிறு பூராவும் வெறும் தோலு, இடுப்புல ஒரு பட்டி, தொட வெளிய, காலுல குதிகால் செருப்பு. நான் என்ன செய்வேன், தைக்கிறவ கண்ணு தையலத்தான் தேடும். இத எங்கன தொறந்து எங்கன மாட்டுவா? முதுகுல ஊக்கு இல்ல, தோள்ல நாடா இல்ல, இடுப்புப் பட்டிய தாங்க மேல ஒண்ணுமே இல்ல, கைய ஓங்கி ஒரு வெட்டு வெட்டுனா மொத்தமும் கழண்டு கீழ கெடக்கும். அத விட ஒரு விஷயம் இருக்கு. நிஜக் கவசத்துல நெஞ்சுப்பக்கம் நடுவுல மேடா இருந்து ரெண்டு பக்கமும் சரியும், வெட்டு விழுந்தா கத்தி வழுக்கிக்கிட்டு வெளிய போகணும் அதுக்காக. இவளுக்கு ரெண்டு கூட்டுக்கும் நடுவுல பள்ளம் வச்சிருக்காங்க, எங்க வெட்டுனாலும் கத்தி நேரா நடு நெஞ்சுக்குத்தான் போயி நிக்கும். அந்தக் கவசம் அவள காப்பாத்த செஞ்சதே இல்ல, கொல்லுறதுக்கு வழி காட்டுறதுக்கு செஞ்சது. கொரியாவுல இருந்து வந்த டெரா மாதிரி ஆன்லைன் கேம்ல பாத்தா ஒரே பேரு உள்ள கவசம், அத ஆம்பள போட்டா மூடியிருக்கு, பொம்பள போட்டா பாதிக்கு மேல காணும். அந்த மிச்சத் துணி எங்க போச்சு?

எங்க கடையில ஒரு ஸ்கூல் கபடி டீம் பிள்ளைகளுக்கு டிரஸ் தைச்சேன். எல்லாம் மானூர், கங்கைகொண்டான் பக்கத்துப் பிள்ளைக, அப்பா அம்மா காட்டு வேல, பீடி சுத்துற வேல. அளவெடுக்க வந்தப்ப அதுக கேட்டத சொல்லுதேன் கேளுங்க. அக்கா ரெய்டு போகும்போது எவளாவது டீசர்ட்ட புடிச்சு இழுத்தா மேல ஏறிரக் கூடாது, உள்பக்கம் ஒரு பட்டி வச்சுத் தைங்க. அக்கா ஷார்ட்ஸ் தொடையில கரெக்டா நிக்கணும், சுருளக் கூடாது. அக்கா கவுட்டில ரெண்டு தையல் போடுங்க, போன மேட்ச்ல கிழிஞ்சு போயி இவ பெஞ்சுல உக்காந்துட்டா. தைச்சு குடுத்ததும் கடைக்குள்ளயே குனிஞ்சு, உக்காந்து எந்திச்சு, ஒருத்திய ஒருத்தி இழுத்துப் போட்டு பாத்துட்டுத்தான் வாங்குனாங்க. கண்ணாடியில மூஞ்சியக் கூட பாக்கல. ஷார்ட்ஸ்தான் அது, முழங்காலு தெரியும், தொட தெரியும், அத பாத்து எனக்கு ஒரு கூச்சமும் வரல, ஏன்னா அது அந்தப் பிள்ளைக அவங்க ஆட்டத்துக்காக கேட்டு வாங்குன உடுப்பு. நான் சொல்ல வர்றது இதுதான் ஐயா, துணி எத்தன இஞ்ச் இருக்குங்கறது இல்ல எனக்கு பிரச்சன. அந்த உடுப்பு போட்டிருக்கவளுக்காக தைச்சதா, இல்ல பாத்துக்கிட்டு இருக்கவனுக்காக தைச்சதா, அத மட்டும் கேளுங்கன்னு சொல்லுதேன். போன வாரம் எழுதுன பெரியவர் இஞ்ச் டேப்ப தூக்கிட்டு வந்துட்டாரு, அதனாலதான் கடைசியில பிள்ளைகள வீட்டுக்குள்ள பூட்டுறதுல போயி முடிச்சாரு.

உடுப்பு மட்டும்னு இல்ல. மகன் ஆடுற துப்பாக்கி கேம்ல ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி லாபின்னு ஒரு எடம் வரும், அதுல நம்ம கேரக்டர் சும்மா நிக்கும். சார்ஜ் போட்டுட்டு அவன் குளிக்கப் போயிட்டான், போன் அப்படியே கெடந்துது, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆம்பள கேரக்டர் ரெண்டு காலையும் ஊனி நிக்கான், துப்பாக்கிய இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்துறான், அவ்வளவுதான். பெறவு அவன் வந்து பொம்பள கேரக்டர மாத்தி வச்சான், அவ இடுப்ப ஒரு பக்கமா ஒடிச்சு நிக்கா, முடிய கோதுதா, அரைவாசி திரும்பி முதுகு காட்டி தோளுக்கு மேல நம்மள பாக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே ஓட்டம், ஒரே உயிரு. குண்டு பறக்குற எடத்துக்கு போகப் போறவ எதுக்கு முடிய கோதணும்? மகட்ட கேட்டேன், அவ சொன்னா, அம்மா கம்ப்யூட்டர்ல தானா எதுவுமே நடக்காது, ஒவ்வொரு அசைவும் ஒருத்தர் உக்காந்து போட்டது, அதுக்கு மேல ஒருத்தர் பாத்து இது போதும்னு ஓகே சொன்னதுன்னு. அந்த பதில்தான் எனக்கு தூக்கத்த கெடுத்துட்டு. தெரியாம நடந்துட்டுன்னு சொல்லவே முடியாதுல்லா. ஜப்பான்ல 1996ல வந்த டெட் ஆர் அலைவ்ங்கற சண்ட கேம்ல மார் குலுங்குறதுக்குன்னே தனியா செட்டிங் வச்சிருந்தாங்களாம், சண்ட போட வந்த அதே பொண்ணுகள 2003ல நீச்சல் டிரஸ்ல பீச் வாலிபால் ஆடுற தனி கேமாவே போட்டு வித்துட்டாங்க.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. 1986ல நிண்டெண்டோ கம்பெனி மெட்ராய்டுன்னு ஒரு கேம் விட்டுது. ஆட்டம் பூரா இரும்பு உடுப்புக்குள்ள இருக்கது ஆம்பளன்னு நெனச்சு எல்லாரும் ஆடுவாங்களாம், கடைசில பாத்தா அது பொம்பள, சாமஸ்னு பேரு. எவ்வளவு நல்ல யோசன பாருங்க, கேட்ட உடனே எனக்கு சந்தோசமாத்தான் இருந்துது. ஆனா எவ்வளவு சீக்கிரமா ஆடி முடிக்கமோ அவ்வளவுக்கு அவ உடுப்பு கொறையும், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சா பிகினி. ஜெயிச்சவனுக்கு பரிசு அவ உடம்பு. அத்தன நேரம் அரக்கன சுட்டு, தனியா நின்னு ஜெயிச்சது அவதான, அவளுக்கு என்ன பரிசு? 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரெண்டாவது பாகம், நாம எடுத்து ஆடுற எட்டு பேருல ஒரே ஒரு பொண்ணு, சுன் லீ. 1996ல டூம்ப் ரைடர் லாரா க்ராஃப்ட், இங்கிலாந்துல டெர்பிங்கற ஊர்ல இருந்த கம்பெனி செஞ்சது. தனியா குகைக்குள்ள போற, படிச்ச, துணிஞ்ச பொண்ணு, ஆனா விளம்பரத்துல எல்லாம் அவ துணிச்சல விட்டுட்டு உடம்பத்தான் வித்தாங்க, அவள உருவாக்குன டோபி கார்டே அடுத்த வருஷம் கம்பெனிய விட்டு போயிட்டாரு, விளம்பரம் போன போக்கு அவருக்கு புடிக்கலைங்கறதும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்லுதாங்க. அப்பல்லாம் ஆடுறது பையங்க மட்டும்தான்னு கம்பெனிக்காரங்க முடிவே கட்டிட்டாங்க. இன்னைக்கு அமெரிக்காவுல கேம் ஆடுறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேரு பொம்பளைகன்னு அந்தத் தொழில் சங்கமே வருஷா வருஷம் கணக்கு போட்டு சொல்லுது. வாடிக்கையாளர் மாறி இத்தன வருஷமாச்சு, அளவு நோட்டு மட்டும் பழசையே வச்சுக்கிட்டு தைக்காங்க.

இன்னொண்ணு கேளுங்க. 2015ல மெட்டல் கியர் சாலிட் 5ன்னு பெரிய கேம், அதுல குவையட்னு ஒரு பொண்ணு, தூரத்துல இருந்து குறி பாத்து சுடுறதுல கெட்டிக்காரி. பாலைவனத்துல, மழையில, பட்டாளத்துக்கு நடுவுல, பிகினியோடவும் கிழிஞ்ச காலுறையோடவும் அலையுதா. ஏன்னு கேட்டா அவ தோல் வழியாத்தான் மூச்சு விடுவாளாம், துணி போட்டா மூச்சு முட்டிருமாம். கேம் வர்றதுக்கு முன்னாடியே 2013ல ஆளுக இத தட்டி கேட்டப்ப, அத எடுத்த கோஜிமா, உண்மையான காரணம் தெரிஞ்சா உங்க பேச்சுக்கு நீங்களே வெக்கப்படுவீங்கங்கற மாதிரி பதில் சொன்னாரு. எனக்கு ஒரு வெக்கமும் வரல. மொதல்ல டிரஸ்ஸ முடிவு பண்ணிட்டு பெறவு அதுக்கு வியாதி கண்டுபுடிச்சா அது காரணம் ஆயிருமா?

எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்கவும் கூடாது, அதையும் சொல்லிருதேன். 2009ல வந்த பயோனெட்டான்னு ஒரு கேரக்டர், அவ உடுப்பே அவ தலமுடிதான், பெரிய அடி அடிக்கும்போது முடி பூராவும் அடிக்க போயிரும், உடம்பு தெரியும். அவள வரைஞ்சது மாரி ஷிமசாகின்னு ஒரு பொம்பள டிசைனர். என் மகளுக்கு பயோனெட்டாவ ரொம்ப புடிக்கும். அவ யாருக்கும் பயப்படல, அவ இஷ்டத்துக்கு ஆடுதா, அவ உடம்பு அவளுக்கு ஆயுதம்மா, நீ சும்மா எல்லாத்தையும் ஏசாதங்கா. நான் ஒத்துக்கல. கேமரா எங்க போயி நிக்குன்னு பாருட்டீன்னு சொன்னேன், அவ எதிரிய பாத்துக்கிட்டு இருக்கா, கேமரா அவ பின்பக்கத்த பாத்துக்கிட்டு இருக்கு, கேமராவ வச்சது அவ இல்லையே. ரெண்டு பேரும் ஒருநா ராத்திரி சோத்த ஆறவிட்டு சண்ட போட்டோம், இன்னும் அது தீரல. ஆனா வீட்டுக்குள்ள ஒரு பொம்பளப் பிள்ள அம்மாட்ட இத இவ்வளவு வெளிப்படையா பேசுறத நான் பெருசா நெனைக்கேன், போன புடுங்கியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

இத கடையில பேசுனப்ப ஒரு அண்ணாச்சி கேட்டாரு, ஏம்மா நம்ம கோயில் சிலையில இல்லாததான்னு. இருக்குதான். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு திருச்செந்தூர் ரோட்டுல போறவங்க எல்லாரும் ஒருதடவ எறங்கி பாருங்க. அங்க தூண்ல ஒரு குறத்தி ராஜகுமாரன தூக்கிட்டு போறா. மாரும் இடுப்பும் எல்லாம் இருக்கு, சிற்பி எதையும் மறைக்கல. ஆனா அவ காலப் பாருங்க, எடைய தாங்கி ஊனியிருக்கு, உடம்பு அந்த பாரத்துக்கு தக்கன சாஞ்சிருக்கு, அவ ஒரு வேலையா போயிட்டிருக்கா, நம்மள பாத்து நெளிஞ்சுக்கிட்டு நிக்கல. நம்ம ஊரு இசக்கியம்மன பாருங்க, பேச்சியம்மன பாருங்க, கொடையில வில்லுப்பாட்டுல இசக்கி கத வரும்போது பெரிய மீசக்காரனும் கைகட்டி நிப்பான். கோவம் வந்த பொம்பள எப்படி இருப்பான்னு இந்த மண்ணுக்கு தெரியும், அவளுக்கு கண்ண பெருசா வைக்கணும், பல்ல வைக்கணும், கையில ஆயுதத்த வைக்கணும்னு மண்ணுல பொம்ம செய்யுற வேளாருக்கு தெரியுது. கோடிக்கணக்குல துட்டு போட்டு கேம் செய்யுறவங்களுக்கு எப்படி தெரியாம போச்சு?

இத வாய தொறந்து கேட்டா என்ன நடக்கும்ங்கறதையும் மக சொன்னா. அனிதா சர்க்கீசியன்னு ஒரு பொண்ணு, 2012ல கேம்ல பொம்பளைகள எப்படி காட்டுதாங்கன்னு வரிசையா வீடியோ போடப் போறேன், 6,000 டாலர் வேணும்னு பொதுவுல கேட்டாங்க. சனங்க 1,58,000 டாலருக்கு மேல குடுத்தாங்க. அதே நேரத்துல அவங்க மூஞ்சிய அடிச்சு ரத்தம் வர வைக்கிற மாதிரி ஒருத்தன் கேமே செஞ்சு விட்டான். 2014ல கேமர்கேட்னு நெட்டுல கிளம்பி பொம்பளைகள குறி வச்சு மிரட்டுன கூட்டம் அவங்கள, இன்னும் சில பொம்பளைகள வீட்ட விட்டே ஓட வச்சுது. அந்த வருஷம் அக்டோபர்ல அமெரிக்காவுல யூட்டா ஸ்டேட் யுனிவர்சிட்டில பேச கூப்பிட்டிருந்தாங்க, வந்தா சுட்டுக் கொல்லுவோம்னு மிரட்டல் வந்துட்டு, துப்பாக்கியோட ஆளுக உள்ள வர்றத அந்த ஊரு சட்டப்படி தடுக்க முடியாதுன்னுட்டாங்க, பேச்ச ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு. ஒரு பொம்ம உடுப்ப பத்தி பேச வந்ததுக்கு. வெறும் கேம்தான இதுல என்னன்னு சொல்லுறவங்க இத கொஞ்சம் நெனச்சு பாக்கணும், வெறும் கேமுக்கு யாரு இப்படி பண்ணுவா?

ஆனாலும் பேசுனதுக்கு பலன் இருந்திருக்கு, அத சொல்லாம விட்டா அவங்க பட்ட பாட்டுக்கு மரியாத இல்ல. 2013ல லாரா க்ராஃப்ட திரும்ப புதுசா செஞ்சாங்க, முழுக்கால் பேண்ட், அழுக்கு, காயம், சாதாரண பொண்ணு உடம்பு, கதையில ரியானா ப்ராட்செட்னு ஒரு பெண் எழுத்தாளரு. யாரும் வாங்க மாட்டான்னு பயந்திருப்பாங்க, அந்த வரிசையிலேயே அதிகமா வித்தது அதுதான். 2016ல ஓவர்வாட்ச்ங்கற கேம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே, ட்ரேசர்ங்கற கேரக்டர் முதுகு காட்டி நிக்கிற ஒரு போஸ் அந்தப் பொண்ணு குணத்துக்கு பொருந்தவே இல்லன்னு பொண்ணு வச்சிருக்க ஒருத்தர் எழுதிக் கேட்டாரு, கம்பெனி அத எடுத்துட்டு. ஒத்த ஆளு எழுதுனதுதான். 2017ல ஹொரைசன் கேம்ல அலாய் வந்தா, குளிருக்கு தோலும் கம்பளியுமா போட்டு வேட்டையாடுறவ. 2019ல மார்ட்டல் காம்பட் 11ல சண்டக்காரிகளுக்கு முன்ன விட நல்லா மூடுன உடுப்பு. அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டி ஆளுக 2016ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, 1983ல இருந்து 2014 வரைக்கும் வந்த 571 பொம்பள கேரக்டர எடுத்து பாத்திருக்காங்க, தொண்ணூறுகள்ல உச்சத்துல இருந்த இந்தக் கூத்து 2006க்கு பெறவு கொறஞ்சுக்கிட்டு வருதாம், சண்ட கேம்லதான் ரொம்ப மோசமாம்.

கொறைஞ்சிட்டுன்னு உக்காந்திரவும் முடியல. 2024ல ஸ்டெல்லர் பிளேடுன்னு கொரியாவுல இருந்து வந்துது, பின்னாடி இருந்து பாக்குற கேமராதான, அதனால கதாநாயகி பின்பக்கத்த ரொம்ப கவனமா செஞ்சோம்னு டைரக்டரே பேட்டில சொல்லியிருக்காரு. அந்தப் பக்கம் 2020ல லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துல ஏபின்னு ஒரு பொண்ணு, நல்லா முறுக்கேறுன கை, உண்மையான ஒரு வீராங்கனை உடம்ப பாத்து செஞ்சது, அதுக்கு பொம்பளைக்கு இப்படி உடம்பு வராதுன்னு ஒரு கூட்டம் கத்துச்சு, அந்தக் கதையில அவ செஞ்ச காரியத்துக்கு அவளுக்கு குரல் குடுத்த நடிகைக்கு கொலமிரட்டல் வந்துது. அலாய்க்கு ரெண்டாம் பாகத்துல கன்னத்துல பூனமுடி தெரியுதுன்னு கேலி. எங்க கபடிப் பிள்ளைக கைய வந்து பாருங்கலே, எங்க தெருவுல எந்தப் பொம்பள கன்னத்துல பூனமுடி இல்ல?

இதனால பையங்க கெட்டுப் போறாங்கன்னு நான் ஒரே அடியா சொல்லல, ஒரு கேம் பாத்து ஒருத்தன் மாறிருவான்னு சொன்னா எம்மகனயே நான் நம்பலன்னு ஆயிரும். எனக்கு தெரிஞ்சது எம்மக சேக்காளிக சொன்னதுதான். பொண்ணுன்னு தெரிஞ்சா மைக்ல பச்ச பச்சையா பேசுதாங்க, அதனால இதுக எல்லாம் ஆம்பள கேரக்டர எடுத்துக்கிட்டு, பேர மாத்தி, மைக்க அமத்தி வச்சுக்கிட்டு ஆடுதுக. நல்லா குறி பாத்து சுடத் தெரிஞ்ச ஒரு பிள்ள டீமுக்கு வழி சொல்லாம வாய மூடிக்கிட்டு ஆடுதா, தோத்தாலும் பரவால்லன்னு. இதுல பொம்பள ஸ்கின், அதாவது பொம்பள உருவம் போட்டு ஆடுறது பாதிக்கு மேல பையங்கதான்ங்கா எம்மகன். ஏம்லேன்னு கேட்டா, பின்னாடி இருந்தே பாத்துக்கிட்டு ஆடணும்லா, ஆம்பள பின்பக்கத்த எதுக்கு பாக்கணும்னு எல்லாரும் சொல்லுதாங்கன்னான். அத அவன் வெளையாட்டா சொன்னான். அவன உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசுனேன், அந்த கொரிய டைரக்டர் பேசுனதும் நம்ம தெருப் பையன் பேசுறதும் ஒரே பேச்சா இருக்கத அவனுக்கே காட்டுனேன்.

பெறவு இந்த விளம்பரம். சின்னப் பிள்ளைக காய்கறி அடுக்குற மாதிரி, கலர் பந்து சேக்குற மாதிரி சாதுவான கேம்தான் ஆடும், செத்த கேரக்டரு திரும்ப வரணும்னா முப்பது செகண்டு விளம்பரம் பாக்கணும். அதுல கிழிஞ்ச துணியோட ஒரு பொம்பளைய வீட்ட விட்டு வெளிய தள்ளுவாங்க, வாயும் வயிறுமா பனியில நடுங்குவா, அவளுக்கு துணி குடுக்கணுமா நெருப்பு குடுக்கணுமான்னு பிள்ள தொட்டு சொல்லணும், தப்பா தொட்டா அவ இன்னும் கேவலப்படுவா. எதுத்த வீட்டு ஆறு வயசுப் பிள்ள இத பாத்துக்கிட்டு எங்கடை வாசல்ல உக்காந்திருந்துது. இதுக்கு யாரு என்ன வயசு போட்டா?

நம்ம அரசாங்கமும் கேமுக்கு சட்டம் போட்டிருக்கு, இல்லன்னு சொல்லல. தமிழ்நாட்டுல 2022ல சட்டம், 2025 பிப்ரவரியில விதிமுறை, துட்டு வச்சு ஆடுற கேமுக்கு ஆதார் வேணும், 18 வயசுக்கு கீழ ஆடக் கூடாது, ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் உள்ள நுழையவே முடியாதுன்னு போட்டாங்க. ரம்மில வீட்ட தொலைச்சு உயிர விட்டவங்க குடும்பத்த நாம பாத்திருக்கோம், அந்தச் சட்டம் வேணும்தான். அந்த வருஷம் ஆகஸ்ட்ல மத்திய அரசு துட்டு கேமுக்கே தட போட்டுட்டு. 2020ல பப்ஜிய தட பண்ணுனது சீனா பிரச்சனையில. எல்லாம் துட்டுக்கும் எல்லைக்கும்தான், உள்ள பொம்பளைய எப்படி காட்டுதாங்கங்கறத பத்தி எனக்கு தெரிஞ்சு ஒரு வரி இல்ல. சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கு, கேமுக்குன்னு இங்க தனியா ஒண்ணு கிடையாது, அமெரிக்காவுல 1994ல இருந்தே ஒரு அமைப்பு கேம பாத்து வயசும் காரணமும் எழுதி ஒட்டுது. நம்ம பிளே ஸ்டோர்ல கம்பெனிக்காரனே கேள்வித்தாள நெரப்பி அதுல இருந்து வர்ற வயசு நம்பரு ஒண்ணு சின்னதா நிக்கும், அத எந்த அம்மா பாத்தா? கத்தரிக்கோல தூக்கிட்டு வந்து வெட்டுங்கன்னு நான் கேக்கல, வெட்டுனா ரகசியமா பாப்பாங்க. கேமுக்குள்ள என்ன இருக்கு, விளம்பரத்துல என்ன வரும்னு தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி வைக்கச் சொல்லுதேன். சின்னப் பிள்ளைக கேம்ல அந்த மாதிரி விளம்பரம் வந்தா புகார் பண்ண ஒரு நம்பர் வேணும்.

நல்லதா செய்ய முடியாதான்னா, செஞ்சிருக்காங்க. புனேல ஒரு சின்ன கம்பெனி 2020ல ராஜின்னு ஒரு கேம் விட்டுது, சர்க்கஸ்ல வித்த காட்டுற பொண்ணு, தம்பிய காணும்னு தேடிப் போயி அசுரனோட சண்ட போடுதா, ஓடி ஏறி தாவுறதுக்கு தோதான உடுப்பு. 2023ல கனடா டொரண்டோவுல நம்ம தமிழாளுக செஞ்ச வெண்பா வந்துது. எம்பதுகள்ல கனடா போன ஒரு தமிழ் அம்மா, அவ அம்மா குடுத்த கிழிஞ்சு போன சமையல் நோட்ட வச்சுக்கிட்டு இட்லி அவிக்கிறதும் புட்டு அவிக்கிறதும்தான் ஆட்டமே. மறுவருஷம் இங்கிலாந்துல பாஃப்டா விருது குடுத்தாங்க, மொத கேமுக்கான விருது. அத மக போட்டு காட்டுனப்ப நான் வேல செஞ்சுக்கிட்டிருந்த மிஷின நிறுத்திட்டேன். சேல கட்டியிருக்கா, முந்தானைய இழுத்து சொருகியிருக்கா, அவ அழுதா, சிரிக்கா, பையன் தமிழ் பேச மாட்டேங்கான்னு உடஞ்சு போறா, வயசாகுதா. அவள யாருக்கும் காட்சிப் பொருளா வைக்கல. ஒரு கேம்ல நான் என்னைய மாதிரி ஒருத்திய பாத்தது அதுதான் மொத தடவ, தட்டுல இட்லி மாவு ஊத்துற எடத்துல நானே கைய நீட்டி ஸ்கிரீன தொட்டேன்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்கதுக்கும் ஒண்ணு இருக்கு. உங்க பேப்பர்ல புது கேம் வந்தா கிராஃபிக்ஸ் எப்படி, எத்தன ஜிபி, எந்த போன்ல ஓடும்னு எழுதுதீங்க, பக்கத்துல போடுற படம் எப்பவும் அந்த இடுப்ப ஒடிச்சு நிக்கிற பொண்ணு படம்தான். இனி எழுதும்போது அதுல வர்ற பொம்பள என்ன வேல செய்யுதா, அந்த வேலைக்கு தக்கன உடுப்பு போட்டிருக்காளான்னு ரெண்டு வரி சேத்து எழுதச் சொல்லுங்க. ஆம்பளைக மட்டும்தான் எழுதணும்னு இல்ல, பாளையங்கோட்டையில இத்தன காலேஜ் இருக்கு, மைக்க அமத்திக்கிட்டு ஆடுற பிள்ளைக கொள்ள பேரு இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டு வாங்கிப் போடுங்க. பேரு போட பயந்தா பேரு இல்லாம போடுங்க. மொத ஆளா எழுத எம்மக தயாரா இருக்கா, பயோனெட்டாவ பத்தித்தான் எழுதுவேன்னு வேற சொல்லிட்டா, நான் ஒத்துக்காதத எழுதுனாலும் பரவால்ல, போடுங்க.

இப்படிக்கு,
தையல்கடை வாசகி,
பாளையங்கோட்டை.